டிஸ்க் சேர்த்தாச்சு, இடம் எங்கே?

இரவு பத்தரை மணி இருக்கும். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணன் எனக்குப் போன் செய்தார்.

“தம்பி, மத்தியானம் இடம் கூடிடுச்சுன்னு சொன்ன இல்ல? கல்யாண போட்டோ காப்பி ஆகிட்டே இருந்துச்சு, பாதியில நின்னுடுச்சு. இடம் போதாதுன்னு வருது. காலையில இன்னொரு முகூர்த்தம் இருக்கு. மெமரி கார்டை அழிச்சாத்தான் கேமராவுல போட முடியும். காப்பி ஆன வரைக்கும் போதும்னு அழிச்சிடட்டுமா?”

“கார்டைத் தொடாதீங்க அண்ணே. இதோ வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

தவறு என்னுடையதுதான். அன்று மதியம் அவருடைய கம்ப்யூட்டரில் நான்காவது ஹார்ட் டிஸ்க்கைப் பொருத்தியவன் நான். திரையில் ‘கிளீன்’ என்று வந்தது. ‘வொர்க்கிங் டிவைசஸ் 4’, ‘ஃபெயில்டு டிவைசஸ் 0’ என்றும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு “முடிஞ்சுது அண்ணே, இடம் கூடிடுச்சு” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டேன். திரையில் வந்த ஒவ்வொரு வரியும் உண்மை. நான் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவுதான் தவறு.

அடுத்த மூன்று நாட்களில் அந்த ஒரே கம்ப்யூட்டர் இதுபோல ஐந்து முறை எங்களைக் குழப்பியது. வீட்டிலோ கடையிலோ பல டிஸ்க்குகளை ஒன்றாக இணைத்துப் பயன்படுத்துபவர்களுக்கும், இனி இணைக்க நினைப்பவர்களுக்கும் இந்த அனுபவம் உதவும் என்பதால் வரிசையாக எழுதுகிறேன்.

பல டிஸ்க், ஒரே பெட்டி

முதலில் அடிப்படை. அண்ணனிடம் இருப்பது ஒரு பழைய டெஸ்க்டாப். அதில் லினக்ஸ் போட்டு, தலா 2 டெராபைட் கொண்ட மூன்று டிஸ்க்குகளை ‘ரெய்டு 5’ என்ற முறையில் இணைத்திருந்தோம். ஆல்பம் வேலை செய்யும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் இந்த மூன்றும் சேர்ந்து ஒரே டிரைவாகத் தெரியும்.

ரெய்டு என்ற யோசனைக்கு அந்தப் பெயரைக் கொடுத்தவர்கள் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் ஆகிய மூவர். 1988-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரை, விலை அதிகமான ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக விலை குறைந்த பல சிறிய டிஸ்க்குகளைச் சேர்த்துப் பயன்படுத்தலாம் என்றது.

ரெய்டு 5 எப்படி வேலை செய்கிறது? ஒரு சின்ன கணக்கு. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5 என்று எழுதுகிறோம். மூன்றாவதில் இரண்டின் கூட்டல் 12 என்று எழுதி வைக்கிறோம். இரண்டாவது டிஸ்க் கெட்டுப் போனால் கவலை இல்லை. 12-ல் 7-ஐக் கழித்தால் 5 வந்துவிடும். உண்மையில் கம்ப்யூட்டர் செய்வது கூட்டல் அல்ல, பிட் அளவில் நடக்கும் இதைப் போன்ற வேறொரு கணக்கு. கூட்டுத்தொகையையும் ஒரே டிஸ்க்கில் வைக்காமல் எல்லாவற்றிலும் மாறி மாறி எழுதும். ஆனால் அடிப்படை இதுதான்.

இதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. ஒன்று, ஒரு டிஸ்க் அளவு இடம் இந்தக் கணக்குக்கே போய்விடும். மூன்று 2 டெராபைட் டிஸ்க் போட்டால் கிடைப்பது 4 டெராபைட். நான்கு போட்டால் 6. மற்றொன்று, ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் கெட்டால் எல்லாமே போய்விடும்.

முதல் குழப்பம்: நான்கும் நலம், ஆனால் ஒன்று சும்மா இருக்கிறது

ஸ்டுடியோவுக்குப் போனதும் முதலில் மெமரி கார்டை எடுத்து ஒரு கவரில் போட்டு, ‘அழிக்கக் கூடாது’ என்று எழுதி மேஜை டிராயரில் வைத்தோம். காலை முகூர்த்தத்துக்கு நண்பர் ஒருவரிடம் வேறு கார்டு கேட்டு வாங்கிக்கொண்டார்.

பிறகு லினக்ஸில் ரெய்டு வேலைகளுக்கான எம்.டி.ஏ.டி.எம். என்ற கட்டளையின் ‘டீடெய்ல்’ அறிக்கையை மறுபடி நிதானமாகப் படித்தேன். மதியம் நான் தாண்டிப் போன வரிகள் அங்கேயே இருந்தன. ‘ரெய்டு டிவைசஸ் 3’. ‘ஆக்டிவ் டிவைசஸ் 3’. ‘ஸ்பேர் டிவைசஸ் 1’.

கார் டிக்கியில் ஸ்டெப்னி டயர் இருக்கிறது அல்லவா? புது டிஸ்க் அப்படித்தான் உட்கார்ந்திருந்தது. ஓடும் டிஸ்க் ஒன்று கெட்டால் அந்த இடத்தில் தானாக ஏறிக்கொள்ளும். அதுவரை ஒரு பைட் கூட அதில் எழுதப்படாது. ‘வொர்க்கிங் 4’ என்றால் கெட்டுப் போகாத டிஸ்க் நான்கு என்று பொருள். வேலை செய்துகொண்டிருக்கும் டிஸ்க் நான்கு என்று நான் படித்துவிட்டேன்.

டிஸ்க்கைச் சேர்ப்பது ஒரு வேலை. சேர்த்த டிஸ்க்கைக் கொண்டு ரெய்டை விரிவாக்குவது இரண்டாவது வேலை. எம்.டி.ஏ.டி.எம்.-ல் முதலாவதற்கு ‘ஆட்’, இரண்டாவதற்கு ‘குரோ’ என்று தனித்தனி கட்டளைகள் உண்டு. நான் முதலாவதை மட்டும் செய்திருந்தேன்.

“அப்ப இப்பவே அந்தக் குரோவைக் கொடுத்துடு” என்றார் அண்ணன். நான் மறுத்துவிட்டேன். அந்த டிஸ்க்குகளில் ஆறு வருட முகூர்த்தங்கள் இருக்கின்றன. ஆல்பம் கொடுத்த பிறகும் படம் கேட்டு வருகிறவர்கள் உண்டு. அந்த மாதம்கூட, கல்யாணத்தில் எடுத்த அப்பாவின் தனிப்படம் வேண்டும் என்று ஒரு பெண் வந்திருந்தார். அப்பா இப்போது இல்லை. அந்தப் படத்துக்கு வேறு காப்பி எங்கும் கிடையாது.

மறுநாள் 4 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க் ஒன்று வாங்கி, இருப்பதை எல்லாம் அதில் காப்பி செய்தோம். பத்து மணி நேரத்துக்கு மேல் ஆனது. ரெய்டு என்பது பேக்கப் அல்ல. ஒரு டிஸ்க் கெட்டால் வேலை நிற்காமல் இருக்க ரெய்டு உதவும். நாமே தவறாக அழித்துவிட்டால், அந்த அழிப்பையும் எல்லா டிஸ்க்கிலும் ஒழுங்காகச் செய்து முடித்துவிடும்.

இரண்டாவது குழப்பம்: நான்கு ‘யூ’, பழைய அளவு

பேக்கப் முடிந்த மாலையில் குரோ கட்டளையைக் கொடுத்தேன். அடுத்த நொடியே அறிக்கை மாறியது. ‘ரெய்டு டிவைசஸ் 4’. லினக்ஸில் ரெய்டின் நிலையைச் சொல்லும் எம்.டி.ஸ்டாட் என்ற பைலைத் திறந்தால் ஒரு அடைப்புக்குறிக்குள் 4/4 என்றும், அதன் அருகில் ‘யூ’ என்ற ஆங்கில எழுத்து நான்கு முறையும் இருந்தது. ஒவ்வொரு ‘யூ’வும் ஒரு டிஸ்க் நன்றாக இருப்பதைக் குறிக்கும். கெட்ட டிஸ்க் இருந்தால் அந்த இடத்தில் அடிக்கோடு வரும்.

ஆனால் ‘அர்ரே சைஸ்’ என்ற வரியில் அதே பழைய 4 டெராபைட்.

அண்ணன் முகம் சுருங்கியது. “நாலும் வந்துடுச்சு, இடம் வரலியே?”

இங்கேயும் இரண்டு வரிகளும் உண்மைதான். மேலே சொன்ன கணக்கை நினைத்துப் பாருங்கள். மூன்று டிஸ்க் இருந்தபோது ஒரு வரிசையில் 7, 5, அதற்கு 12. நான்கு டிஸ்க் ஆன பிறகு ஒரு வரிசையில் மூன்று எண்கள் உட்கார வேண்டும். 7, 5, 8, அதற்கு 20. அதாவது அடுத்த வரிசையில் இருந்த 8-ஐ மேலே கொண்டுவந்து கூட்டுத்தொகையைப் புதிதாகப் போட வேண்டும். அதற்கு அடுத்த வரிசையையும் அப்படியே. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசை வரை எல்லாவற்றையும் கலைத்து அடுக்கும் இந்த வேலைக்கு ‘ரீஷேப்’ என்று பெயர். கடைசி வரிசை முடிந்த பிறகுதான் புதிய அளவு அறிவிக்கப்படும். அதுவரை பழைய அளவே காட்டப்படும்.

லினக்ஸில் இந்த வசதி வந்தது 2006-ல், 2.6.17 என்ற கெர்னல் பதிப்பில். எம்.டி.ஏ.டி.எம்.-ஐ எழுதிய ஆஸ்திரேலியர் நீல் பிரவுன்தான் இதையும் கொண்டுவந்தார். அதற்கு முன் இப்படி விரிவாக்க, டேட்டாவை எல்லாம் வெளியே எடுத்துவிட்டுப் புதிதாக ரெய்டு அமைப்பதுதான் வழக்கமான வழி. இப்போது டேட்டா உள்ளே இருக்கும்போதே, நாம் பைல்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரிவாக்கலாம். அதற்கு நாம் கொடுக்கும் விலை நேரம்.

மூன்றாவது குழப்பம்: முடிய 22 நாள்

எம்.டி.ஸ்டாட் பைலில் ரீஷேப் எத்தனை சதவீதம் ஆகியிருக்கிறது, என்ன வேகம், முடிய எவ்வளவு நேரம் என்று மூன்று தகவல் இருக்கும். நாங்கள் தொடங்கியபோது ‘ஃபினிஷ்’ என்ற இடத்தில் 1,085 என்று காட்டியது. இது நிமிடக் கணக்கு. சுமார் 18 மணி நேரம். சரி, மறுநாள் மதியம் முடிந்துவிடும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

ஒரு மணி நேரத்தில் மீண்டும் போன். “தம்பி, இப்ப முப்பத்திரண்டாயிரத்து சொச்சம்னு காட்டுது. டிஸ்க் போச்சா?”

கணக்குப் போட்டேன். 32,500 நிமிடம் என்றால் 22 நாட்களுக்கு மேல். “அண்ணே, நீங்க இப்ப என்ன பண்ணிட்டு இருக்கீங்க?” என்று கேட்டேன். “சும்மாதான் இருக்கேன், ஆல்பம் ஒண்ணு டிசைன் பண்றேன்” என்றார். படங்கள் எல்லாம் அதே ரெய்டிலிருந்துதான் வந்துகொண்டிருந்தன.

இதுதான் காரணம். நாம் டிஸ்க்கைப் பயன்படுத்தும்போது லினக்ஸ் நமக்கு வழிவிட்டு, ரீஷேப் வேலையின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். எவ்வளவு வரை குறையும்? ‘ஸ்பீடு லிமிட் மின்’ என்று ஒரு அளவு உண்டு. அது வழக்கமாக வினாடிக்கு 1,000 கிலோபைட். 2 டெராபைட் டிஸ்க்கை இந்த வேகத்தில் முடிக்க வகுத்துப் பாருங்கள், சரியாக அந்த 22 நாள் கணக்கு வரும்.

‘ஃபினிஷ்’ எண், கடைசியாக நடந்த சில நொடிகளின் வேகத்தை வைத்து, இதே வேகத்தில் போனால் இத்தனை நிமிடம் என்று சொல்கிறது. செஞ்சி போகும் பஸ் கூட்டத்தில் நின்றிருக்கும்போது, இந்த வேகத்தில் எப்போது போய்ச் சேரும் என்று கணக்குப் போடுவது போலத்தான். கூட்டம் விலகியதும் கணக்கு மாறிவிடும். அண்ணன் ஆல்பத்தை மூடினார். சில நிமிடங்களில் எண் ஆயிரத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

எனவே இந்த எண்ணை ஒரு முறை பார்த்து முடிவு செய்யாதீர்கள். சதவீதத்தைப் பாருங்கள். ஒரு பேப்பரில் நேரத்தையும் சதவீதத்தையும் எழுதி, அரை மணி நேரம் கழித்து மறுபடி எழுதுங்கள். கூடியிருந்தால் வேலை நடக்கிறது. யாரும் டிஸ்க்கைப் பயன்படுத்தாதபோதும் அரை மணி நேரமாக ஒரே எண் நின்றால்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படி நின்றால் புது டிஸ்க்கைப் பற்றியும் விசாரியுங்கள். இப்போதைய டிஸ்க்குகளில் சில ‘எஸ்.எம்.ஆர்.’ என்ற முறையில், கூரை ஓடுகள் போலத் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதும். தொடர்ந்து எழுதும் வேலையில் இவை மிகவும் மெதுவாகிவிடும். ரெய்டுக்கு ஏற்றது என்று விற்கப்பட்ட சில டிஸ்க்குகளிலும் இந்த முறை சொல்லாமல் பயன்படுத்தப்பட்டிருந்தது 2020-ல் வெளியே வந்து பெரிய சர்ச்சையானது. வாங்கும்போது ‘சி.எம்.ஆர்.’ வகையா என்று கேட்டு வாங்குங்கள்.

நான்காவது குழப்பம்: கரண்ட் போய் வந்த பிறகு

மறுநாள் காலை 41 சதவீதத்தில் கரண்ட் போனது. கடையில் இன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அது ‘யு.பி.எஸ். மோடு’க்கு மாற்றப்படவில்லை. பேன், லைட்டுக்கு அந்தத் தாமதம் தெரியாது. கம்ப்யூட்டர் அணைந்துவிட்டது.

நான் போவதற்குள் கடையில் இருந்த நண்பர் ஒருவர் கம்ப்யூட்டரை ஆன் செய்து அண்ணனுக்கு யோசனையும் சொல்லியிருந்தார். “நாலு டிஸ்க்கும் இருக்குதே, புதுசா ‘கிரியேட்’ கொடுங்க, சரியாயிடும்.” அண்ணன் எனக்காகக் காத்திருந்தார்.

வாசகர்களே, இந்த இடத்தை மட்டும் இரண்டு முறை படியுங்கள். ‘கிரியேட்’ என்பது இருப்பதைத் திறக்கும் கட்டளை அல்ல. டிஸ்க்குகளின் தலைப்பில் புது விவரத்தை எழுதும் கட்டளை. எங்கள் டிஸ்க்குகளில் அப்போது 41 சதவீதம் நான்கு டிஸ்க் வரிசையிலும், மீதி மூன்று டிஸ்க் வரிசையிலும் இருந்தது. மூன்று என்று உருவாக்கினாலும் தவறு, நான்கு என்று உருவாக்கினாலும் தவறு. எது எங்கே மாறுகிறது என்ற குறிப்பு அந்தப் பழைய தலைப்பில் மட்டுமே இருந்தது. அதை அழித்திருந்தால் ரெய்டில் இருந்தவை சிதறிப் போயிருக்கும்.

நல்ல செய்தி என்னவென்றால், வேலை எந்த இடம் வரை வந்திருக்கிறது என்பதை லினக்ஸ் ஒவ்வொரு டிஸ்க்கின் தலைப்பிலும் அவ்வப்போது குறித்துக்கொண்டே வரும். அதனால் கம்ப்யூட்டர் மீண்டும் ஆன் ஆனபோது ரெய்டு தானாகச் சேர்ந்து, 41-லிருந்தே தொடர்ந்தது. முதலில் இருந்து ஆரம்பிக்கவில்லை. தானாகச் சேராவிட்டால் பயன்படுத்த வேண்டியது ‘அசெம்பிள்’. அது தலைப்பைப் படித்து, இருப்பதை இருக்கிறபடி ஒன்று சேர்க்கும்.

சில சமயம் திரையில் சதவீதத்துக்குப் பதிலாக ‘டிலேயிட்’ என்று வரும். பயப்பட வேண்டாம். அதே டிஸ்க்குகளின் வேறு பகுதியில் இன்னொரு ரெய்டு வேலை நடந்துகொண்டிருந்தால், இது தன் முறைக்குக் காத்திருக்கிறது என்று பொருள். அதேபோல டெபியன் வகை லினக்ஸில், மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் ‘செக்’ என்று ஒரு சதவீதம் ஓடும். அது மாதாந்திரப் பரிசோதனை. கோளாறு அல்ல.

இன்வெர்ட்டரின் பின்னால் இருந்த ஸ்விட்சை யு.பி.எஸ். மோடுக்கு மாற்றிவிட்டுத்தான் நான் கிளம்பினேன். உங்கள் வீட்டு இன்வெர்ட்டரிலும் அந்த ஸ்விட்ச் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

ஐந்தாவது குழப்பம்: 100 சதவீதம், ஆனாலும் ‘புல்’

மூன்றாம் நாள் காலையில் ரீஷேப் முடிந்தது. ‘அர்ரே சைஸ்’ 6 டெராபைட் என்று மாறியிருந்தது. நான்கு ‘யூ’. ‘கிளீன்’. அண்ணன் சந்தோஷமாக விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிரைவைத் திறந்தார். சிவப்புக் கோடு. இடம் இல்லை. அதே 3.6 டெராபைட்.

இந்த முறை நான் தயாராக இருந்தேன். இடம் என்பது ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பாத்திரங்கள் மாதிரி. அடியில் டிஸ்க். அதன் மேல் ரெய்டு. அதன் மேல் பைல்களை ஒழுங்கு செய்து வைக்கும் ‘பைல் சிஸ்டம்’. அதற்கும் மேல் விண்டோஸ் பார்க்கும் பகிர்வு. ரெய்டு பெரிதானது பைல் சிஸ்டத்துக்குத் தெரியாது. பக்கத்து மனையை வாங்கிப் பத்திரம் பதிந்தாலும், நடுவில் இருக்கும் சுவரை இடித்தால்தான் வீடு பெரிதாகும் அல்லவா?

எங்களுடையது ‘இ.எக்ஸ்.டி.4’ என்ற பைல் சிஸ்டம். அதற்கு ‘ரீசைஸ்2எப்எஸ்’ என்ற கட்டளை. ‘எக்ஸ்.எப்.எஸ்.’ வைத்திருந்தால் ‘எக்ஸ்.எப்.எஸ். குரோ எப்.எஸ்.’ என்ற கட்டளை. இரண்டையுமே போல்டர்கள் திறந்திருக்கும் நிலையிலேயே கொடுக்கலாம். எங்களுக்குச் சில நிமிடங்களில் முடிந்தது. விண்டோஸில் எப்5 கீயைத் தட்டியதும் சிவப்புக் கோடு நீலமானது.

6 ஏன் 5.4 ஆனது?

இடம் கூடிவிட்டது. ஆனால் திரையில் 5.4 என்றுதான் இருந்தது. “மீதி எங்க தம்பி?” என்றார் அண்ணன். நியாயமான கேள்வி.

டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு டெராபைட் என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸ் 1,024-ஆல் நான்கு முறை பெருக்கி வரும் எண்ணை ஒரு டெராபைட் என்கிறது. அதனால்தான் 1 டெராபைட் டிஸ்க் வாங்கினால் 931 ஜிபி என்று காட்டுகிறது. இந்தக் கணக்கில் 6 என்பது 5.46. பைல் சிஸ்டம் தன் பட்டியல்களுக்காக எடுத்துக்கொள்ளும் இடம் போனால் 5.4-க்குப் பக்கத்தில் வரும். யாரும் ஏமாற்றவில்லை. முழம் வேறு, கஜம் வேறு, அவ்வளவுதான்.

இன்னொன்று. இ.எக்ஸ்.டி.4 வழக்கமாக 5 சதவீத இடத்தை நிர்வாகியின் அவசர உபயோகத்துக்கு ஒதுக்கி வைக்கும். பெரிய டிஸ்க்கில் இது 200, 300 ஜிபி வரை போகும். மொத்தத்தில் பயன்படுத்தியதைக் கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதே, ஏன் ‘இடம் போதாது’ என்கிறது என்ற கேள்விக்கு விடை இதுதான்.

விண்டோஸிலும் இதே கதைதான்

லினக்ஸ் இல்லாதவர்களும் தப்பிக்க முடியாது. விண்டோஸ் 8-ல் 2012-ல் அறிமுகமான ‘ஸ்டோரேஜ் ஸ்பேசஸ்’ வசதியில், கையில் இருக்கும் டிஸ்க்குகளின் அளவைவிடப் பெரிய டிரைவை உருவாக்க முடியும். 2 டெராபைட்தான் இருக்கும். டிரைவ் 10 டெராபைட் என்று காட்டும். தேவைப்படும்போது டிஸ்க் சேர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் வைத்த வசதி. ‘மை கம்ப்யூட்டர்’ பக்கத்தை மட்டும் பார்ப்பவர் 8 டெராபைட் காலி என்று நம்பிவிடுவார். கன்ட்ரோல் பேனலில் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் பக்கத்தில் ‘பூல்’ அளவைப் பாருங்கள். உண்மை அங்கேதான் இருக்கும்.

‘ஓபன் இசட்.எப்.எஸ்.’ பயன்படுத்துபவர்களுக்கு எதிர்த்திசைக் குழப்பம். டிஸ்க் சேர்த்து விரிவாக்கும் வசதி அதில் 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பில்தான் கிடைத்தது. விரிவாக்கிய பிறகும் அது இடத்தைப் பழைய விகிதத்திலேயே கணக்கிட்டுச் சொல்லும். மூன்று 2 டெராபைட் டிஸ்க்கை நான்காக்கினால் 6-க்குப் பதிலாக 5.3 என்ற கணக்கு வரும். புதிதாக எழுதும் பைல்கள் புது விகிதத்தில் குறைந்த இடத்தையே எடுத்துக்கொள்ளும். அறிக்கை குறைவாகச் சொல்கிறதே தவிர இடம் தொலையவில்லை.

‘பாஸ்டு’ என்றால் பாஸா?

விரிவாக்கத்துக்கு முன் ஒவ்வொரு டிஸ்க்கின் உடல்நிலையையும் பார்த்துவிட வேண்டும். ரீஷேப் நடக்கும்போது டிஸ்க்குகள் மணிக்கணக்கில் ஓய்வில்லாமல் படித்து எழுதும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே சொல்லும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையை இலவச சாப்ட்வேர்களில் பார்க்கலாம். அதன் தலையில் ‘பாஸ்டு’ என்று இருந்தால் நிறுத்திவிடாதீர்கள். கீழே உள்ள பட்டியலில் 5, 197, 198 ஆகிய எண்களுக்கு எதிரே உள்ள மதிப்பைப் பாருங்கள். மாற்றி ஒதுக்கிய பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், சரிசெய்ய முடியாத பகுதிகள் என்பவை இவை. பூஜ்யம் இல்லாமல், பார்க்கும் ஒவ்வொரு முறையும் எண் கூடினால், அந்த டிஸ்க்கை மாற்றிய பிறகே விரிவாக்குங்கள்.

எல்லாம் பூஜ்யம் என்றாலும் உத்தரவாதம் இல்லை. கூகுள் நிறுவனம் தன் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து 2007-ல் வெளியிட்ட கட்டுரையில், கெட்டுப்போன டிஸ்க்குகளில் 56 சதவீதத்துக்கும் மேல், முக்கியமான நான்கு ஸ்மார்ட் அறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை என்று தெரிந்தது. அதனால்தான் பேக்கப்.

செய்ய வேண்டியவை

1. விரிவாக்கத்துக்கு முன் வேறொரு டிஸ்க்கில் பேக்கப் எடுங்கள். எடுத்ததில் நான்கைந்து பைல்களைத் திறந்து பாருங்கள்.

2. ஸ்மார்ட் பட்டியலைப் பாருங்கள். இன்வெர்ட்டரை யு.பி.எஸ். மோடில் வையுங்கள்.

3. டிஸ்க்கைச் சேர்த்த பின் ‘ஸ்பேர்’ எண்ணைப் பாருங்கள். 1 என்றால் விரிவாக்கம் இன்னும் தொடங்கவில்லை.

4. ரீஷேப் நடக்கும்போது சதவீதத்தை நேரத்துடன் எழுதி வையுங்கள். முடியும் நேரத்தை நம்பாதீர்கள்.

5. நடுவில் என்ன வந்தாலும் ‘கிரியேட்’, ‘பார்மட்’ இரண்டையும் தொடாதீர்கள். அறிக்கையைப் போட்டோ எடுத்துக்கொண்டு, தெரிந்தவரிடம் கேளுங்கள்.

6. ரெய்டு பெரிதான பின் பைல் சிஸ்டத்தையும் பெரிதாக்குங்கள்.

7. கடைசியாக, பைல்களைப் பயன்படுத்தும் கம்ப்யூட்டரிலிருந்தே இடத்தைப் பாருங்கள். வேலை முடிந்ததா என்பதை அந்த இடத்தில்தான் முடிவு செய்ய வேண்டும்.

மதியம் கிளம்பும் முன் டிராயரிலிருந்து மெமரி கார்டை எடுத்தோம். பாதியில் நின்ற போல்டரை ஒதுக்கிவிட்டு, முதலிலிருந்து காப்பி செய்தோம். கார்டில் எத்தனை பைல், மொத்தம் எவ்வளவு அளவு; டிஸ்க்கில் எத்தனை, எவ்வளவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. முதல் நாள் இரவு நின்றுபோன போல்டரில் தாலி கட்டும் படங்கள் ஒன்றுகூட இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம்.

“இப்ப அழிக்கலாமா தம்பி?” என்று கேட்டார் அண்ணன்.

“எக்ஸ்டர்னல் டிஸ்க்குல இன்னொரு காப்பி போட்டுட்டு அழிங்க அண்ணே” என்றேன்.